ஒண்ட வந்த பிடாரி: மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு உடம்புக்குள் நடப்பது என்ன?

சிறுநீரக மாற்று செய்துகொண்டவரைப் பார்க்கப் போனால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "புதுக் கிட்னியை உடம்பு ஏத்துக்கிச்சா?" என்பதுதான். நியாயமான கேள்வி. நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்நியச் சதையைக் கண்டால் சும்மா விடாது. அவற்றை அடக்கி வைக்கத்தான் அவருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை. எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவரிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம், ஆனால் அது பாதிக் கேள்விதான். மீதிப் பாதி தலைகீழாக இருக்கும்: புது மஜ்ஜை இந்த உடம்பை ஏற்றுக்கொண்டதா?

மஜ்ஜையோடு வருவது ரத்தம் ஊறுகிற குருத்தணுக்கள் மட்டுமல்ல. கொடையாளரின் நோய் எதிர்ப்பு மண்டலமே ஒரு பையில் அடைபட்டு வந்து இறங்குகிறது. அதில் டி செல் என்கிற வெள்ளையணுக்கள் கோடிக்கணக்கில் இருக்கும். 'இது என் வீடு, இது அந்நியம்' என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவற்றின் பிழைப்பு. புது உடம்பில் கண் விழித்துப் பார்த்தால் தோல், குடல், கல்லீரல் எல்லாமே அந்நியமாகத் தெரிகிறது. தாக்க ஆரம்பிக்கின்றன. நோயாளியின் சொந்த எதிர்ப்பு அணுக்களை, மாற்றுக்கு முன் கொடுத்த கீமோவும் கதிர்வீச்சும் ஏற்கெனவே துடைத்துவிட்டதால் தடுக்க ஆளில்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். மருத்துவத்தில் இதற்கு கிராஃப்ட் வெர்சஸ் ஹோஸ்ட் டிசீஸ் என்று பெயர். வார்டில் டாக்டர், நர்ஸ், நோயாளி எல்லோரும் சொல்வது ஜிவிஎச்டி.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு பக்கவிளைவு, அவ்வளவுதான். முடியவில்லை. மஜ்ஜை மாற்று பெரும்பாலும் ரத்தப் புற்றுநோய்க்காகச் செய்யப்படுவது. தோலையும் குடலையும் அரிக்கிற அதே அணுக்கள்தான் நோயாளியின் உடம்பில் ஒளிந்திருக்கும் கடைசிப் புற்றணுக்களையும் தேடிக் கொல்கின்றன. விஷமும் மருந்தும் ஒரே புட்டியில். இரண்டையும் பிரிக்க முடியுமா என்பதுதான் கடந்த எழுபது ஆண்டு ஆராய்ச்சியின் ஒரே கேள்வி என்றுகூடச் சொல்லலாம்.

ஆரம்பம் எலிகளில். 1956இல் இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆராய்ச்சி மையத்தில் பார்ன்ஸ், லூட்டிட் இருவரும் அவர்களுடைய சகாக்களும் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய் உள்ள எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்து, பிறகு மஜ்ஜை ஏற்றினார்கள். தன் இனத்து மஜ்ஜையே கிடைத்த எலிகள் கொஞ்ச நாள் நன்றாக இருந்து, லுக்கேமியா திரும்பி வந்து செத்தன. வேறு இனத்து மஜ்ஜை கிடைத்த எலிகளிடம் லுக்கேமியா திரும்பவில்லை. ஆனால் அவையும் செத்தன. மெலிந்து, பேதியாகி, முடி கலைந்து, என்ன நோயென்றே புரியாமல். முதலில் வந்த கதிர்வீச்சுப் பாதிப்பு போன பிறகு வந்ததால் அதற்கு 'இரண்டாவது நோய்' என்று பெயர் வைத்தார்கள். இன்று நாம் பேசும் விஷயத்தின் இரண்டு முகமும் அந்த ஒரே சோதனையில், ஒரே கூண்டில் தெரிந்துவிட்டன. அதைப் பிரித்துப் படிக்கத்தான் இத்தனை காலம்.

மனிதர்களிடம் முதல் முயற்சிகள் துயரமானவை. 1957இல் அமெரிக்காவில் டொனால் தாமஸ் ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை ஏற்றியதை வெளியிட்டார். நூறு நாளைத் தாண்டி ஒருவரும் இருக்கவில்லை. அடுத்த வருடம், 1958 அக்டோபரில், யுகோஸ்லாவியாவின் வின்ச்சா அணு உலையில் விபத்து நடந்து, கதிர்வீச்சு பட்ட ஆறு பேர் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே ழார்ழ் மத்தே அவர்களில் ஐந்து பேருக்கு, உறவே இல்லாத பிரெஞ்சுக் கொடையாளர்களின் மஜ்ஜையை ஏற்றினார். நால்வர் பிழைத்தார்கள். மஜ்ஜையால் பிழைத்தார்களா, அவர்களுடைய சொந்த மஜ்ஜையே மீண்டுவிட்டதா என்று பிறகு நிறைய வாதம் நடந்தது. இதே மத்தேதான் 1963இல் லுக்கேமியா நோயாளி ஒருவருக்கு அவர் குடும்பத்தினர் பலரின் மஜ்ஜையை ஏற்றினார். ஒட்டிக்கொண்டது. கடுமையான 'இரண்டாவது நோயும்' வந்தது. ஒன்றேமுக்கால் வருடம் வரை உயிரோடு இருந்த அவர் இறந்தபோது உடம்பில் லுக்கேமியா இல்லை. ஹார்வெல் கூண்டில் பார்த்ததேதான்.

அறுபதுகளின் நடுவில் இந்தத் துறையை விட்டு விலகியவர்கள் அதிகம். தாமஸும் மனிதர்களை நிறுத்திவிட்டு நாய்களுக்குத் திரும்பினார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ஒருவர், 'இப்போதைக்கு என்னால் முடியாது' என்று பத்து வருடம் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தது எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். ஒரே ஈற்றில் பிறந்த நாய்க்குட்டிகளுக்குள் திசுப் பொருத்தம் பார்த்து மஜ்ஜை மாற்றினால் நன்றாக இருக்கின்றன, பொருத்தம் இல்லாவிட்டால் இல்லை என்பது அங்கே தெளிவானது. மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தை மாற்றுக்குப் பிறகு குறைந்த அளவில் கொடுத்தால் வந்த அணுக்கள் அடங்குகின்றன என்பதும் அங்கேதான் தெரிந்தது.

இதே காலத்தில் இரண்டு பேர் தெளிவு கொண்டுவந்தார்கள். பிரான்சில் ழான் தோசே, வெள்ளையணுக்களின் மேல் இருக்கும் அடையாளப் புரதங்களில் முதலாவதை 1958இல் கண்டுபிடித்தார். இன்று எச்எல்ஏ என்று நாம் சொல்வது இதைத்தான். ஆறாவது குரோமோசோமில் ஒரு கொத்தாக இருக்கும் மரபணுக்கள் இவற்றை எழுதுகின்றன. அப்பாவிடமிருந்து ஒரு கொத்து, அம்மாவிடமிருந்து ஒரு கொத்து. கூடப்பிறந்தவர் ஒருவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு என்பது இந்தக் கணக்குதான். இன்னொருவர் ரூபர்ட் பில்லிங்ஹாம். 1966இல் அவர் மூன்றே நிபந்தனை சொன்னார்: வருகிற ஒட்டில் வேலை செய்யத் தெரிந்த எதிர்ப்பு அணு இருக்க வேண்டும், ஏற்பவரிடம் அதற்கு அந்நியமான அடையாளம் இருக்க வேண்டும், ஏற்பவரால் ஒட்டை விரட்ட முடியாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் ஜிவிஎச்டி.

அந்த மூன்று நிபந்தனையை வைத்துப் பார்த்தால் மஜ்ஜை மாற்றே நடக்காமலும் இது வரலாம் என்று புரியும். ரத்தம் ஏற்றும்போது! அந்தக் காலத்தில் ஜப்பானில் இதய அறுவைக்குப் பிறகு சிலருக்கு உடம்பெல்லாம் சிவந்து, காய்ச்சல் வந்து, ரத்த அணுக்கள் சரிந்து இறந்துபோனார்கள். காரணம் ஏற்றிய புது ரத்தத்தில் இருந்த டி செல்கள் என்று பின்னால் தெரிந்தது. நெருங்கிய உறவினர் ரத்தத்தில் ஆபத்து அதிகம். கொடையாளரின் இரண்டு கொத்தும் ஒன்றுபோலவே இருந்து, அது நோயாளியின் ஒரு கொத்தோடு ஒத்துப்போய்விட்டால், நோயாளியின் உடம்பு அந்த அணுக்களை அந்நியமாகப் பார்க்காமல் விட்டுவிடும். அவை மட்டும் இவரை அந்நியமாகப் பார்க்கும். "என் புள்ளைக்கு என் ரத்தத்தையே ஏத்துங்க" என்று தகப்பன் கெஞ்சும்போது ரத்த வங்கி தயங்குவதும், மாற்று செய்துகொண்டவருக்கு ஏற்றும் ரத்தத்தைக் கதிர்வீச்சுக் கருவியில் வைத்து எடுத்துக்கொண்டு வருவதும் இதனால்தான்.

சரி, மனிதர்களுக்குத் திரும்புவோம். 1968இல் மினசோட்டாவில் ராபர்ட் குட் குழுவினர், பிறவியிலேயே நோய் எதிர்ப்பு இல்லாத ஒரு குழந்தைக்குச் சகோதரியின் மஜ்ஜையை ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். 1977இல் சியாட்டிலிலிருந்து தாமஸ் குழு, வேறு வழியே இல்லாத 100 லுக்கேமியா நோயாளிகளின் கணக்கை வெளியிட்டது. 13 பேர் நோய் இல்லாமல் உயிரோடு இருந்தார்கள். 13 என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். அந்த நூறு பேரும் சாவுக்குக் காத்திருந்தவர்கள் என்பதை வைத்துப் பார்க்க வேண்டும். எண்பதுகளில் டி செல்லை அடக்கும் சைக்ளோஸ்போரின் வந்தது. நார்வேயின் ஒரு மேட்டுநிலத்து மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனம் எடுத்த மருந்து. அதையும் மெத்தோட்ரெக்சேட்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டையும் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று 1986இல் ரெய்னர் ஸ்டார்ப் குழு காட்டியது. அதற்கப்புறம் ஏறத்தாழ முப்பது வருடம் உலகம் முழுக்க இந்த ஜோடிதான், அல்லது அதன் சிறு மாறுதல்கள்தான். மும்பை டாட்டா மெமோரியலில் 1983இல் நாட்டின் முதல் மஜ்ஜை மாற்றும், வேலூர் சிஎம்சியில் மேமன் சாண்டி தலைமையில் 1986இல் தொடங்கிய மாற்றுகளும் இந்தக் காலகட்டத்தின் பிள்ளைகள்.

இனி வருவதுதான் இந்தக் கதையின் மையம். டி செல்தான் குற்றவாளி என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் மஜ்ஜையிலிருந்து டி செல்லை வடிகட்டிவிட்டு ஏற்றினால் என்ன? அரிசியிலிருந்து கல் பொறுக்குவது போல. எண்பதுகளில் டி செல்லை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புப் புரதங்கள் கிடைத்தவுடன் பல நாடுகளில் முயன்றார்கள். ஜிவிஎச்டி உண்மையிலேயே படுத்துவிட்டது. கொண்டாட்டம் கொஞ்ச காலம்தான். வடிகட்டிய மஜ்ஜை சிலருக்கு ஒட்டவேயில்லை. ஒட்டியவர்களுக்கு லுக்கேமியா திரும்பி வந்தது. மொத்தத்தில் பிழைப்பவர் எண்ணிக்கை உயரவே இல்லை. பொறுக்கிப் போட்டது கல் இல்லை, அரிசிதான்.

எச்சரிக்கை முன்பே இருந்தது. 1979இல் சியாட்டில் குழுவின் வைடன், ஜிவிஎச்டி வந்தவர்களுக்கு லுக்கேமியா திரும்புவது குறைவாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். 1990இல் மேரி ஹொரோவிட்ஸ், பன்னாட்டுப் பதிவேட்டிலிருந்து 2,254 நோயாளிகளின் விவரத்தை எடுத்துப் பார்த்து அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஆக்கினார். ஒரே கருவில் பிறந்த இரட்டையர் மஜ்ஜை கொடுத்தால் ஜிவிஎச்டி கிட்டத்தட்ட இல்லை, ஆனால் நோய் அதிகமாகத் திரும்புகிறது. டி செல் நீக்கிய மஜ்ஜையிலும் அப்படியே. ஜிவிஎச்டி வந்தவர்களிடம் திரும்புவது மிகக் குறைவு. அதாவது, மாற்றுக்கு முன் கொடுக்கும் கடும் கீமோ மட்டும் லுக்கேமியாவைக் குணப்படுத்தவில்லை. வந்த அணுக்கள்தான் மீதி வேலையைச் செய்தன. 'பொருத்தம் எவ்வளவு கச்சிதமோ அவ்வளவு நல்லது' என்று நம் மனம் சொல்லும். இங்கே நூற்றுக்கு நூறு பொருத்தம், அதாவது இரட்டையர், லுக்கேமியாவைப் பொறுத்தவரை நல்ல பொருத்தமே அல்ல.

அதே 1990இல் மியூனிக்கில் ஹான்ஸ்-யோக்கெம் கோல்ப் இன்னும் நேரடியாகக் காட்டினார். மாற்றுக்குப் பிறகு நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா திரும்பிய மூன்று பேருக்கு, அதே கொடையாளரின் வெள்ளையணுக்களைத் திரும்ப வாங்கி ஏற்றினார். கூட இன்டர்ஃபெரான் ஊசி. கடும் கீமோ இல்லை, கதிர்வீச்சு இல்லை. மூவருக்கும் நோய் மறைந்தது. (அந்த லுக்கேமியாவுக்கு 2001இல் இமாட்டினிப் மாத்திரை வந்து, மஜ்ஜை மாற்றே பெரும்பாலும் தேவையில்லாமல் போனது வேறு கதை.) கோல்ப் காட்டியதிலிருந்து ஒரு துணிச்சல் பிறந்தது. குணப்படுத்துவது வந்த அணு என்றால், முதலில் ஆளையே உலுக்கும் கீமோ எதற்கு? வந்த அணு காலூன்றும் அளவுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா? தொண்ணூறுகளின் கடைசியில் ஜெருசலேம், ஹூஸ்டன், சியாட்டில் குழுக்கள் இப்படி மென்மையான மாற்றுகளைத் தொடங்கின. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் இன்று மஜ்ஜை மாற்று நடக்கிறது என்றால் இதனால்தான்.

புற்றணுவும் சும்மா இருப்பதில்லை. பாதிப் பொருத்தமுள்ள கொடையாளரிடமிருந்து மாற்று செய்தவர்களில் சிலருக்கு லுக்கேமியா திரும்பியபோது, மிலானின் சான் ரஃபேல் மருத்துவமனையில் லூக்கா வாகோவும் சகாக்களும் அந்த அணுக்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 2009இல் வெளியான முடிவு வியப்பூட்டுவது. பொருந்தாத அந்தப் பாதி எச்எல்ஏ கொத்தையே புற்றணு தன் குரோமோசோமிலிருந்து தூக்கியெறிந்துவிட்டு, பொருந்துகிற பாதியை இரட்டிப்பாக்கி வைத்திருந்தது. எந்த அடையாளத்தைப் பார்த்து வந்த அணு தாக்குகிறதோ அதைக் கழற்றி வீசிவிட்டது. வந்த அணுக்களின் அழுத்தம் எவ்வளவு நிஜமானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நோய் எப்படி வருகிறது என்று பார்த்தால், பாதை குடலில் தொடங்குகிறது. கடும் கீமோ குடலின் உள்தோலைப் புண்ணாக்குகிறது. பாக்டீரியாவின் துணுக்குகள் உள்ளே கசிகின்றன. நோயாளியின் உடம்பில் மிச்சமிருக்கும் காவல் அணுக்கள் அபாயச் சங்கு ஊதுகின்றன. அந்தச் சத்தத்தில் வந்த டி செல்கள் கண் விழித்து, பெருகி, தோல், குடல், கல்லீரல் மூன்றையும் தேடிப் போகின்றன. உள்ளங்கை, உள்ளங்கால், காதுக்குப் பின்புறம் இங்கெல்லாம் சிவந்த தடிப்பு, மஞ்சள் காமாலை, லிட்டர் கணக்கில் பேதி. இந்த நோயின் படிநிலையை நிர்ணயிப்பதில் ஒரு நாளில் எத்தனை மில்லி பேதி போனது என்பது ஒரு முக்கிய அளவுகோல். 1974இல் குளூக்ஸ்பெர்க் வகுத்த அந்த அளவுகோல் சிறு திருத்தங்களோடு இன்றும் இருக்கிறது. பெரிய ஆய்வுக்கூடங்களின் நுட்பமெல்லாம் ஒரு பக்கம் இருக்க, அளவுக் குடுவையோடு நிற்கும் நர்ஸ் இல்லாமல் இந்த ஆராய்ச்சி ஒன்றுமில்லை.

குடல் பாக்டீரியாவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்ற சந்தேகம் எழுபதுகளிலேயே வந்தது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு ஜிவிஎச்டி குறைவாக இருந்தது. உடனே 'கிருமிகளை ஒழித்துவிட்டால் போதும்' என்று நோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடலைத் துடைத்தார்கள். மனிதர்களில் பலன் குழப்பமாகவே இருந்தது. முப்பது நாற்பது வருடம் கழித்து நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங்கில் மார்செல் வான் டென் பிரிங்க் குழு மாற்று நோயாளிகளின் மலத்தை வாரா வாரம் சேகரித்து, அதிலுள்ள பாக்டீரியா வகைகளை எண்ணியபோது படம் மாறியது. 2020இல் நியூயார்க், டர்ஹாம், ரீகன்ஸ்பர்க், சப்போரோ என்று நான்கு ஊர்களின் 1,362 நோயாளிகளிடம் பார்த்தது இது: குடலில் வகைவகையாக பாக்டீரியா இருப்பவர்கள் அதிகம் பிழைக்கிறார்கள், ஒரே வகை மண்டிக்கிடப்பவர்கள் அதிகம் இறக்கிறார்கள். நாடு மாறினாலும், சாப்பாடு மாறினாலும் முடிவு ஒன்றுதான். காய்ச்சலுக்குக் கொடுக்கும் சில வலுவான ஆன்டிபயாடிக்குகள் நல்ல பாக்டீரியாவை அழித்து ஜிவிஎச்டி சாவுகளைக் கூட்டுகின்றன என்பதும் தெரிந்தது. கிருமிதான் பகை என்று நினைத்து எல்லாவற்றையும் துடைத்தது தப்பு என்று ஆயிற்று.

இதில் ஒரு சின்னத் துணுக்கு நம் ஊருக்கு நெருக்கமானது. என்டரோகாக்கஸ் என்ற பாக்டீரியா மாற்று நோயாளிகளின் குடலில் மண்டிவிடும். அப்படி மண்டினால் ஜிவிஎச்டி அதிகம். அதற்குத் தீனி எது என்று தேடியபோது கிடைத்த பதில், பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரை. 2019இல் வந்த இந்த ஆய்வில், எலிகளுக்கு லாக்டோஸ் இல்லாத உணவு கொடுத்தபோது நோய் தணிந்தது. பெரியவர்களானபின் பால் சரியாகச் செரிக்காத மரபு கொண்ட நோயாளிகளிடம் இந்த மண்டல் நீடித்தது. தென்னிந்தியர்களில் அந்த மரபு பரவலானது. இதை வைத்து யாரும் காபியை நிறுத்திவிட வேண்டாம். எலியிலிருந்து மனிதருக்கு வர நெடுந்தூரம் இருக்கிறது.

என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு புது மருந்து எதுவும் அல்ல; 1959லேயே புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற, மலிவான சைக்ளோபாஸ்ஃபமைடு. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் லியோ லுஸ்னிக், எஃப்ரெய்ம் ஃபுக்ஸ் குழுவினர் அதைக் கொடுத்த நேரம்தான் விஷயம். மஜ்ஜை ஏற்றி மூன்றாம் நாளும் நான்காம் நாளும், பெரிய அளவில். கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். பாடுபட்டு ஏற்றிய மஜ்ஜையின் மேல் மூன்றே நாளில் விஷத்தை ஊற்றுவார்களா? யுக்தி இதுதான்: இந்த உடம்பை அந்நியமாகப் பார்க்கும் டி செல்கள் வந்த இரண்டு மூன்று நாளிலேயே வெறிகொண்டு பெருக ஆரம்பிக்கின்றன. பெருகும் அணுவைத்தான் இந்த மருந்து கொல்லும். மற்ற டி செல்கள் அமைதியாக இருக்கின்றன, தப்பித்துவிடும். ரத்தக் குருத்தணுக்களிடம் இந்த மருந்தை முறிக்கும் ஒரு நொதி நிறைய இருக்கிறது, அவையும் தப்பிவிடும். அதுவரை சைக்ளோஸ்போரின் போன்ற அடக்கும் மருந்துகள் தரவே கூடாது. எதிரியை முதலில் தலைகாட்ட விட வேண்டும். வடிகட்டுவதில் தோற்ற இடத்தில் காத்திருப்பது ஜெயித்தது.

பின்னாளில் நடந்த நுணுக்கமான ஆய்வுகள் இந்த அழகான விளக்கத்தில் கொஞ்சம் ஓட்டை போட்டன. வெறிகொண்ட அணுக்கள் எல்லாம் செத்துவிடுவதில்லை. நிறைய பிழைக்கின்றன, ஆனால் சுணங்கிப்போகின்றன. மற்றவற்றை அடக்கும் வேலையைச் செய்யும் ஒழுங்காற்று டி செல்களும் அந்த நொதியால் தப்பித்து, முன்னைவிட விகிதத்தில் கூடுகின்றன. (இந்த ஒழுங்காற்று அணுக்களைக் கண்டறிந்ததற்காகத்தான் ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025 மருத்துவ நோபல்.) விளக்கம் மாறினாலும் பலன் மாறவில்லை. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 431 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். கடும் ஜிவிஎச்டியும் இல்லாமல், நோயும் திரும்பாமல் ஒரு வருடம் கழித்தவர்கள் பழைய முறையில் 34.9 சதவீதம், சைக்ளோபாஸ்ஃபமைடு முறையில் 52.7 சதவீதம். முப்பது வருட ஜோடி ஒதுங்கத் தொடங்கியது.

நம்மைப் போன்ற நாடுகளுக்கு இதன் அர்த்தம் இன்னும் பெரிது. இந்த முறை முதலில் உருவானதே பாதிப் பொருத்தக் கொடையாளர்களுக்காக. பெற்றோர், பிள்ளைகள் எல்லோரும் எப்போதும் பாதிப் பொருத்தம். வீட்டுக்கு ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்றாகிவிட்ட காலத்தில் முழுப் பொருத்தமுள்ள அண்ணன் தம்பி கிடைப்பது குதிரைக்கொம்பு. உலகக் கொடையாளர் பதிவேடுகளில் இந்தியர்கள் குறைவு. சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகள் அந்தப் பள்ளத்தை நிரப்பப் பாடுபடுகின்றன. ஆனால் பதிவேட்டில் பெயர் கிடைத்து, அவர் சம்மதித்து, அணுக்கள் வந்து சேர மாதங்கள் ஆகலாம். அம்மா பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

வந்துவிட்ட ஜிவிஎச்டிக்கு முதல் மருந்து இன்றும் ஸ்டீராய்டுதான். அதற்குக் கேட்காதவர்கள் நிலைமை நீண்ட காலம் மிக மோசமாக இருந்தது. டி செல்லுக்குள் தாக்குதல் உத்தரவைக் கடத்தும் ஜாக் என்ற நொதியைத் தடுக்கும் ரக்சோலிட்டினிப் அங்கே ஒரு வழி திறந்தது. ராபர்ட் ஸைசர் தலைமையில் 309 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில் 28ஆம் நாளில் 62 சதவீதம் பேரிடம் பலன் தெரிந்தது; மற்ற மருந்துகளில் 39. யாருக்கு நோய் முற்றும் என்பதை முன்கூட்டியே சொல்ல, குடல் அணுக்கள் சிதையும்போது ரத்தத்தில் கசியும் புரதங்களை அளக்கும் முறையை ஜேம்ஸ் ஃபெராராவின் குழு உருவாக்கியிருக்கிறது.

நாட்பட்ட ஜிவிஎச்டி தனி உலகம். மாதங்கள் கழித்து, சில சமயம் ஆள் வேலைக்குத் திரும்பிய பிறகு மெல்ல வரும். கண்ணில் நீர் வற்றி மணல் போட்டது போல் உறுத்தும். வாயில் வெள்ளைப் படலம், ஒரு வாய் ரசம் பட்டால் எரியும். தோல் தோலாட்டம் இல்லாமல் கெட்டிப்பட்டு மூட்டு மடங்காது. நுரையீரலின் சிறு குழாய்களைத் தழும்பு அடைத்துவிட்டால் மாடிப்படி ஏற முடியாது. புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்கள் இப்படி வருடக்கணக்கில் அவதிப்படுவதை, 'உயிர் பிழைத்தாயே, அது போதாதா' என்று உறவினர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இதில் டி செல் மட்டுமல்ல, பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணுவும், தழும்பு போடும் அணுக்களும் கூட்டு. நல்லதையும் கெட்டதையும் பிரிக்க டி செல்கள் பழகும் இடமான தைமஸ் சுரப்பியே முதல் தாக்குதலில் சேதமாகிவிடுவதால் புதிதாகப் பிறக்கும் அணுக்களும் கோணலாக வளர்கின்றன. 2017வரை இதற்கென்றே அமெரிக்க மருந்து ஆணையம் அனுமதித்த மருந்து ஒன்றுகூட இல்லை. அந்த வருடம் இப்ருட்டினிப், 2021இல் பெலுமோசுடில், ரக்சோலிட்டினிப், 2024இல் அக்சாட்டிலிமாப் என்று வரிசையாக வந்தன. விலை மட்டும் நம் வீடுகளுக்கு எட்டாத உயரம்.

தடுப்பதில் பழைய வடிகட்டும் எண்ணமும் புத்திசாலித்தனமாகத் திரும்பி வந்திருக்கிறது. டி செல் முழுவதையும் எடுக்காமல், இன்னும் எந்தப் பகையையும் சந்திக்காத கன்னி டி செல்களை மட்டும் எடுத்துவிட்டு, கிருமிகளை ஏற்கெனவே சந்தித்துப் பழகியவற்றை விட்டுவைக்கிறார்கள். சியாட்டிலில் மேரி பிளீக்லி குழு 2022இல் வெளியிட்ட 138 பேரின் கணக்கில் நாட்பட்ட ஜிவிஎச்டி மூன்று வருடத்தில் 7 சதவீதம்தான்.

ஆனால் விஷத்தையும் மருந்தையும் பிரிக்கும் இந்தப் பாடு ஒரு நோயாளிக்குத் தேவையே இல்லை. தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உள்ள குழந்தை. அவனுக்குக் கொல்ல வேண்டிய புற்றணு எதுவும் இல்லை. புது ரத்தம் ஊறினால் போதும். ஜிவிஎச்டியில் அவனுக்கு எள்ளளவும் லாபம் கிடையாது, முழுக்க நஷ்டம். லுக்கேமியா நோயாளிக்கு லேசாக ஒரு தடிப்பு வந்தால் டாக்டர் உள்ளூரக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம். அதே தடிப்பு இந்தக் குழந்தையின் கையில் வந்தால் அவர் முகம் மாறும். வந்த அணுக்களை அவிழ்த்துவிட்டால்தான் புற்றைத் தேடும் என்பதால் லுக்கேமியாக்காரருக்கு எல்லாம் சரியாக இருந்தால் சைக்ளோஸ்போரினைச் சில மாதங்களிலேயே குறைத்து நிறுத்தப் பார்ப்பார்கள். பக்கத்து அறைக் குழந்தைக்கு அதே மாத்திரை, அதே காலை எட்டு மணி, ஒரு வருடம் வரை போகும்.